பாடம்: பந்து எறிதல்

ஈட்டி எறிதலில் பல்கலைக்கழக அளவில் இரண்டாம் இடம் வாங்கியவள் நான். ஆறாம் வகுப்புக்குப் பந்து எறியச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா என்ற நினைப்பில்தான், தொண்டாமுத்தூர் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் அன்று காலை நின்றிருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் படிப்பான பி.பி.எட்.டின் கடைசித் தேர்வு. கழுத்தில் புது விசில். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

இதே பாடத்தைக் கல்லூரியில் பத்துத் தடவை எடுத்திருக்கிறேன். என்ன, அங்கே மாணவர்களாக நடித்தது என் வகுப்புத் தோழிகள். லோகப்பிரியா மட்டும் பேசிவைத்தபடி ஒரு தப்பு செய்வாள். நான் கண்டுபிடித்துத் திருத்திக் கைதட்டல் வாங்குவேன். நிஜப் பிள்ளைகளுக்கு எடுப்பது இதுதான் முதல். இன்று தேறினால் நான் பி.டி. டீச்சர், இல்லாவிட்டால் வெறும் விளையாட்டுக்காரி.

தேர்வாளர் சீனிவாசலு சார் மதிப்பெண் தாளோடு மரத்தடியில் உட்கார்ந்தார். நான் பிள்ளைகளைப் பார்த்து நின்று, "கண்ணுகளா, நான் செய்யறத அப்படியே செய்யோணும்" என்று சொல்லி வலக்கையால் வீசினேன். அவர்கள் தலைக்கு மேலே பறந்த பந்து மைதானத்தின் கோடியில் விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. ஓரமாக ஒதுங்கி விசில் ஊதினேன்.

முதல் வரிசை எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். எட்டுப் பேரும் இடக்கையால். எதிரே நின்ற என் வலக்கை அவர்களுக்கு இடப்பக்கம்தானே. ஒரு பந்து பின்னால் போனது, ஒன்று பக்கத்துப் பையன் முதுகில் விழுந்தது. என் தோழிகளுக்கு முன்பே எறியத் தெரியும், அவர்கள் என்னைப் பார்த்துக் கற்றதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பி நின்று காட்டலாம். ஆனால் வகுப்புக்கு முதுகைக் காட்டினால் மதிப்பெண் போகும். மானம் போனால் போகட்டும் என்று மறுபடி எதிரே போய், பந்தை இடக்கைக்கு மாற்றினேன். பிறந்ததிலிருந்து அந்தக் கையால் ஒரு கல்லைக்கூட எறிந்ததில்லை.

பந்து என் காலடியிலேயே விழுந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார் தாளில் என்னமோ எழுதினார். நான் ஒதுங்கி விசில் ஊதினேன். எட்டு வலக்கைகள் உயர்ந்தன. எட்டுப் பந்துகளும் நேராகப் பறந்தன. மெடல் வாங்கிய அன்றுகூட நான் இப்படிக் குதித்ததில்லை.

சார் எழுந்து வந்தார். "ஏனுங்க அம்மணி, நீங்க இடக்கைங்களா?"

"இல்லீங்க சார். பசங்கதான் சோத்தாங்கை."

மார்க் என்ன என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அடுத்த வரிசைக்கு விசில் ஊத ஓடினேன்.