கருநீலச் சட்டை

குடும்பத்தோடு ஆப்பிரிக்கா போய்ச் சிங்கம், யானை பார்க்க ஜீப், கூடாரம் என்று மண்டையை உடைத்துக்கொண்டு ஏற்பாடு செய்தவள் அந்த வீட்டுச் சின்ன மருமகள்தான். எல்லாம் முடிந்ததும் மூத்த ஓரகத்தி, "நாயப் பாத்துக்க ஆள் வேணும்ல? நீ இருந்துக்க," என்று அவளைக் கழற்றிவிட்டாள்.

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் கருநீலத்துல சட்டை எடுங்கக்கா, போட்டோல எடுப்பா இருக்கும்," என்றாள். அந்தக் காட்டில் ஊசியாய்க் குத்தும் ஈக்களுக்குக் கருநீலம் என்றால் உயிர் என்று அவள் படித்திருந்தாள்.

போய் இறங்கிய மறுநாளே போன் அலறியது. "ஈ புடுங்கி எடுக்குதுடி! பக்கத்து ஜீப்புல காக்கி போட்டவங்கள ஒண்ணும் பண்ணல, எங்க உடம்பெல்லாம் வீங்கிப்போச்சு!"

சின்னவள் உச்சுக்கொட்டினாள். "நாயப் பத்திக் கவலையே படாதீங்கக்கா. ஒரு கொசுகூடக் கடிக்காம பாத்துக்கறேன்."