மறைக்காத வித்தை

மேடையேறிவிட்டால், பார்க்கிறவர்கள் கண்ணில் மண்ணைத் தூவுவதில் குணாளனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிழைப்புக்குப் பாசிர் கூடாங் துறைமுகப் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் மாயாஜாலம். பிறந்தநாள் வீடு, கோயில் மண்டபம், கம்பெனி டின்னர் என்று ஜொகூர் பக்கத்தில் அவன் கால் படாத மேடை குறைவு. அவனுக்கு இடப்பக்கம் எப்போதும் அவன் மனைவி சந்திரமதி நிற்பாள். பளபளவென்று சேலை கட்டிக்கொண்டு அவள் ஒரு பூவை எடுத்து முகர்ந்தால் போதும், மண்டபத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் அவள்மேல் போய் உட்காரும். அந்த நேரத்தில் அவன் வலக்கை செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிடும். அடேயப்பா, அந்தக் கை வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தும் அவளுக்கு அலுத்ததே இல்லை.

அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தான். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். நல்லவேளை, உயிர் தப்பிவிட்டான். பேச்சும் கிண்டலும் அப்படியே இருந்தன. காலும் நடந்தது. இடக்கை மட்டும் கொஞ்சம் சொன்னபேச்சு கேட்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் நர்ஸிடம் ஒரே புலம்பல், பெண்டாட்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று. சந்திரமதி விடிந்ததிலிருந்து கட்டிலோரமாகவே உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டும் இருந்தாள். அவனோ சத்தம் எங்கிருந்தோ வருகிற மாதிரி கதவைப் பார்ப்பான், அப்புறம் பேசாமல் இருந்துவிடுவான். எதற்கு இவ்வளவு கோபம், நான் என்ன தப்பு செய்தேன் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வந்த டாக்டர் விஜிதா, மூளை பாதித்தவர்களின் கவனத்தையும் நினைவையும் சோதிக்கிறவள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க அந்தப் பக்கம் உட்காரக்கூடாது. கட்டிலைச் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க."

சந்திரமதி சுற்றிக்கொண்டு அவனுக்கு வலப்பக்கம் வந்தாள். குணாளன் முகம் மலர்ந்துவிட்டது. "மதி, இப்பத்தான் வர்றியா?" என்றான்.

மேடைப் பழக்கம் செய்த வேலை அது. இத்தனை வருஷம் அவள் நின்ற இடப்பக்கம். கால் தன்னால் அங்கேதான் போய் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறது. அவனுக்கோ அடைப்பு வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் என்று ஒன்றே இல்லாமல் போயிருந்தது.

விஜிதா அதைப் பிறகு அவளுக்குப் பொறுமையாக விளக்கினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண் பார்த்துக் கொடுக்கிறது, மூளைதான் இடப்பக்கத்துச் சரக்கை வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே இருட்டாகத் தெரியுமா என்று கேட்டாள் சந்திரமதி. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு இருட்டாகவா தெரிகிறது என்று திருப்பிக் கேட்டாள் விஜிதா. ஒன்றுமே இல்லை, இல்லாததும் தெரியவில்லை, அவ்வளவுதான். மூளை ஆராய்ச்சிக்காரர்கள் மாயாஜாலக்காரர்களைத் தேடிப் போவதே இதற்காகத்தானாம். கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கவிடாமல் செய்கிற கலையை அவர்கள் காலங்காலமாகக் கையில் வைத்திருக்கிறார்களாம்.

"உங்க வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் மத்தவங்களுக்குச் செஞ்சது, அவருக்கே நிரந்தரமா நடந்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

அதைக் குணாளன் நம்பினால்தானே! வீட்டுக்கு வந்ததும் கூத்து ஆரம்பித்தது. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்க, சோறு பத்தவில்லை என்பான். அவள் தட்டைத் திருப்பி வைத்தால், இப்போதுதான் போட்டாயா என்பான். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து நிற்பான். ஆஸ்பத்திரியில் விஜிதா கடிகாரம் வரையச் சொன்னபோது அத்தனை எண்ணையும் வலப்பக்கத்திலேயே அடைத்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர்" என்றான். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். விஜிதாவோ அது பிடிவாதமே இல்லை, அதுவும் நோயின் ஒரு துண்டு என்றாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். டாக்டர் கொடுத்த எம்சி லீவு முடிந்ததும் திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகப் போகிறேன் என்று அவன் அறிவித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் வீடு இருக்கிற மாசாயிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலை எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியாதா? இரும்புப் பெட்டி ஏற்றிய லோரிகள் வரிசை வரிசையாக வந்து திரும்புகிற சாலை அது. டாக்டர் கூடாது என்று எழுதியே கொடுத்தாள், இவன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சந்திரமதி சாவியை ஒளித்தாள், இவன் சாவிக் கடைக்காரனைக் கூட்டிவந்து வேறு சாவி செய்துகொண்டான். கெஞ்சினாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள்.

வியாழக்கிழமை துணி காயப்போடும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. மேடையிலிருந்து இறங்கிப் போய், 'ஐயா, நீங்கள் பார்க்கவில்லை' என்று சொன்னால் எந்த ரசிகன் ஒத்துக்கொள்வான்? கண் இமைக்காமல் பார்த்தேனே என்று சண்டைக்குத்தான் வருவான். வித்தைக்காரனை எதனால் பிடிக்க முடியும்? அடுத்தவன் வித்தை பிடிபடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அவள் உடனே விஜிதாவுக்குப் போன் போட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு விஜிதா தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். எதிரே உட்கார்ந்து நான் படம் எடுக்கிறேன், எதிரிலிருந்து எடுத்தால் அவருடைய இடது பக்கம் படத்தில் வலது பக்கமாக விழும், அதை அவர் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். இரண்டு பெண்களும் சேர்ந்து போட்ட திட்டத்தை என்னவென்று சொல்ல! அதில் யார் கெட்டிக்காரி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் ஒரு வெறும் மேசை. குணாளனுக்கு வலப்பக்கம் சந்திரமதி, எதிரே கைப்பேசியோடு விஜிதா. "ஒரு வித்தை கத்துக்கிட்டேன், பார்த்துச் சொல்லுங்க" என்று சந்திரமதி பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் எதையும் மறைக்கவில்லை. பழத்தை உள்ளங்கையில் வைத்து, கையை நிதானமாக மேசைக்குக் குறுக்கே கொண்டுபோய் அவனுக்கு இடப்பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையைத் திருப்பிக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். குணாளனின் சிரிப்பு நின்றது. முழங்கைவரை தடவிப் பார்த்தான். மடியைப் பார்த்தான். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தான்.

"மறுபடி செய்" என்றான்.

செய்தாள். இன்னொரு பழம், பிறகு இன்னொன்று. அவனுடைய இடப்பக்கத்தில் ஐந்து பழம் மஞ்சளாக வரிசையில் உட்கார்ந்திருந்தது. சின்னப்பிள்ளை வந்திருந்தால்கூடக் கைதட்டிச் சிரித்திருக்கும். குணாளனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. ஆனால் முகத்தில் கோபமில்லை, அப்படியொரு ஆனந்தம்.

"இத்தனை வருஷம் என் பக்கத்துல நின்னுக்கிட்டு, இப்படி ஒரு கையை வச்சிருந்தியா மதி? எனக்கே பிடிபடல லா. சத்தியமா சொல்றேன், இந்த மாதிரி சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்ல."

அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. விஜிதா எழுந்து வந்து கைப்பேசியை அவன் முன்னால், நன்றாக வலப்பக்கம் தள்ளிப் பிடித்தாள்.

படம் ஓடியது. அவன் பார்த்தான். மனைவியின் கை போவதையும், பழத்தை வைப்பதையும், பக்கத்திலேயே ஒருவன் ஆவென்று வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தான். அந்த ஒருவன் தான்தான் என்பது புரிய அவனுக்கு நேரம் பிடித்தது. திரும்ப ஓட்டச் சொன்னான். விரல் எங்கே மடங்குகிறது, கண் எங்கே ஏமாறுகிறது என்று தொழில்காரன் தேடுகிற மாதிரியே தேடினான். தேட அதில் ஒன்றுமே இல்லை.

"நீ மறைக்கவே இல்லையே" என்றான்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், யாரிடமோ கேட்கிற மாதிரிக் கேட்டான்: "எலுமிச்சம்பழம் வந்தது எனக்குத் தெரியல, சரி. அங்கிருந்து ஒரு லோரி வந்திருந்தா?"

சந்திரமதிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். அவன் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தபடியே, தன்னோடு வேலை செய்கிற மணியத்துக்குப் போன் போட்டு மோட்டாரை ஓட்டிக்கொண்டு போய்விடச் சொல் என்றான். பிறகு விஜிதாவைப் பார்த்து, என்ன பயிற்சி இருக்கிறதோ சொல்லிக்கொடுங்கள், செய்கிறேன் என்றான்.

அந்தப் பழங்களை எடுங்கள் பார்க்கலாம் என்றாள் விஜிதா. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் சுளுக்கு விழுந்தவன் மாதிரி மெல்ல மெல்ல இடப்பக்கம் திரும்பினான். ஒன்று கையில் அகப்பட்டது. அடுத்ததும் அகப்பட்டது. மூன்றாவதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வழக்கம்போல நிறுத்தப் போனவன், நிறுத்தவில்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றும் சொல்லவில்லை.

"மதி, இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்குங்க" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் திரும்புங்க."