சவ ஊர்வலத்தில் ஒரு டன்மோர்

ஸ்கெல்பியில் யார் செத்தாலும் ரோலண்ட் பிக்கர்ஸ்கில்லுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடியோடு, சவ ஊர்திக்கு முன்னால் தெருமுனை வரை அவர் நடந்து போவார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு அவருடைய டிரைவர் வில்ஃப் வண்டியை உருட்டி வருவான். தெருமுனை தாண்டியதும் ரோலண்ட் வண்டியில் ஏறிக்கொள்வார். ஏறிய பிறகும் வேகம் ஒன்றும் கூடிவிடாது. சைக்கிளில் வரும் தபால்காரி தலையைத் தாழ்த்தி மரியாதை செய்துவிட்டு, அப்படியே முந்திக்கொண்டு போய்விடுவாள்.

பாதி ஆயுளுக்கு மேல் இப்படி ஊர்ந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று ரத்தம் சூடேறிவிட்டது. ஒரு வசந்த காலக் காலையில் லீட்ஸுக்கு ரயிலேறிப் போனவர், சாயங்காலம் புத்தம் புது டன்மோரில் திரும்பி வந்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் இரண்டு இருக்கைக் கார். ஆரஞ்சு, மஞ்சள், தவளைப் பச்சை என்று கடைக்காரன் எத்தனையோ நிறம் காட்டினான். பழக்கதோஷம், அவர் விரல் கறுப்பில்தான் போய் நின்றது.

அவர் மனைவி க்ளெனிஸ் மலர் வளையம் கட்டும் கடை வைத்திருந்தாள். கையில் பாதி கட்டிய லில்லிப் பூக்களோடு வெளியே வந்து காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"பொட்டி எங்க வைப்ப?"

"இது பொட்டி வைக்கிற வண்டி இல்ல, க்ளெனிஸ்."

"கறுப்புல வாங்கியிருக்கியே, அதான் கேட்டேன்."

முதல் வாரமே மூர் சாலையில், ஏணி கட்டிய வேனில் வந்த ஒரு பிளம்பர் அவரை முந்திப் போனான். முந்தும்போது கையை வேறு ஆட்டினான். ரோலண்டுக்கு மனசு ஆறவில்லை. வளைவு வந்தால் கால் தானாகவே மேலெழும்புவதும், சர்ச் கண்ணில் பட்டால் கார் நடைவேகத்துக்கு இறங்கிவிடுவதும் அவருக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தன. பழியெல்லாம் எஞ்சின் மேல் விழுந்தது.

பழைய கம்பளி ஆலைக்குப் பின்னால் டாட் ஹார்க்ரீவின் பட்டறை இருந்தது. சுற்று வட்டாரத்தில் பந்தயக் கார் வைத்திருக்கும் எவரும் அவளிடம்தான் எஞ்சினைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்துகொள்வார்கள். ஆறடி உயரம். யாரைக் கூப்பிட்டாலும் ‘ராசா’தான். ரோலண்ட் போனபோது எஞ்சின் மூடி மேல் பன்றி இறைச்சி அடைத்த ரொட்டியை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"புது வண்டி ராசா இது. கம்பெனிக்காரன் குடுத்த பவரையே நீ இன்னும் முழுசா பாத்திருக்க மாட்ட."

"பாத்துட்டேன். பத்தல."

"எவ்ளோ தூரம் மிதிச்ச?"

ரோலண்ட் யோசித்தார். "பாதி."

"பாதிக்கு மேலயா, கீழயா?"

"மரியாதையா மிதிச்சேன்னு வெச்சுக்க."

டாட் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். "சரி. மூணு படி இருக்கு. முதப் படி, எஞ்சினோட மூளையத் திருத்துறது. எப்ப எவ்ளோ பெட்ரோல் குடிக்கணும், எப்ப பொறி விடணும்னு கம்ப்யூட்டர்ல மாத்தி எழுதிடுவேன். ரெண்டாவது சைலன்சர். அது மூச்சு விடுற வழி. மூணாவது, சூப்பர்சார்ஜரச் சுத்துற கப்பியச் சின்னதாக்கி, காத்த இன்னும் வேகமா உள்ள திணிக்கிறது. அந்த பலத்துக்குப் பழைய கிளட்ச் வழுக்கும், ரேஸ் கிளட்ச் போடணும். ஒவ்வொண்ணா பாத்துப் பண்ணுவோம். ஆனா ஒண்ணு, நான் கை வெச்ச நிமிஷம் கம்பெனி கேரண்டி செத்துரும்."

"செத்ததப் பாத்துப் பயப்படுற ஆளா நான்?"

முதல் படி முடிந்து வெளியே வந்ததும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ரோலண்டுக்குத்தான் அடுத்த மாதம் மறுபடி அரிப்பெடுத்தது. இரண்டாம் படியில் சைலன்சர் மாறியது. அதன் பிறகு, மிதியிலிருந்து காலை எடுக்கிற போதெல்லாம் பின்னாலிருந்து துப்பாக்கி வெடித்தது. டாட்டுக்கு அதில் பெருமை. ரோலண்டோ அடிக்கடி காலை எடுக்கிறவர். அவர் வீடு திரும்பும் நேரத்தில் தெரு முழுக்க நாய்கள் கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொண்டன. பாதிரியார் ஹிலாரி அம்மையார் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தபோது குழந்தையைத் தொட்டிக்குள் நழுவ விடப் பார்த்தார்.

"சாவுக்கு ஆள் பிடிக்கிறதுக்கு இப்படி ஒரு வழியா?" என்றாள் க்ளெனிஸ். "இதய நோயாளிங்க எத்தனை பேரு இருக்காங்க இந்தத் தெருவுல."

மூன்றாம் படிக்குப் பிறகு கார் இரண்டே நிலையில்தான் இருந்தது: நிற்கும், அல்லது பாயும். ரேஸ் கிளட்சுக்கு நடுநிலை தெரியாது. அரை அங்குலம் காலைத் தூக்கினால் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடாது. மெதுவாக உருட்டப் பார்த்தால் தவளை மாதிரி தத்தும், பிறகு அணைந்துபோகும். இருந்தாலும் ஞாயிறு காலையில் ஆளில்லாத மூர் சாலையில் ரோலண்ட் அதை விரட்டினால், அவர் முகத்தில் ஊர்க்காரர்கள் பார்த்தே இராத ஒரு சிரிப்பு வரும். தொழிலுக்கு ஆகாத சிரிப்பு என்பதால், ஊருக்குள் நுழையும் முன் துடைத்துக்கொள்வார்.

ஆர்னல்ட் த்வெயிட் செத்தது இலையுதிர் காலத்தில். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஈனிட் பல காலம் இறைச்சிக் கடை நடத்தியவள், பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் நேரே சர்ச்சுக்குப் போய்விட, ரோலண்டின் முற்றத்திலிருந்து ஈனிட் மட்டும் கணவனின் பெட்டிக்குப் பின்னால் நீளக் காரில் போவதாக ஏற்பாடு.

கிளம்புகிற நேரத்தில் நீளக் கார் கண் திறக்கவில்லை. வில்ஃப் குனிந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான், கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நீங்க வில்ஃப் பக்கத்துல உக்காந்து வாங்கம்மா," என்றார் ரோலண்ட்.

"பொட்டி வண்டிலயா? என் முறை வரும்போது ஏறிக்கிறேன்." ஈனிட் டன்மோர் நின்ற கொட்டகைப் பக்கம் கையை நீட்டினாள். "அதுல என்ன குறைச்சல்? அதுவும் கறுப்புதான."

"அது மெதுவாப் போகாதுங்க."

"நீங்க ஓட்டுனா போகும். ஊருக்கே தெரியும் உங்க வேகம்."

வேறு வழி இல்லை. அந்தக் கிளட்சை மிதிக்கத் தெரிந்த ஆள் ரோலண்ட் ஒருவர்தான். ஈனிட்டைக் காருக்குள் இறக்குவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ரோலண்ட் உட்கார்ந்ததும் உயரத் தொப்பி கூரையில் முட்டி மூக்கு வரை இறங்கியது. கழற்றினால் வைக்க இடமில்லை.

"குடுங்க இப்படி," என்று வாங்கிய ஈனிட், தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்குச் சரியாக இருந்தது.

சவ ஊர்தி அன்னம்போல முன்னால் நகர்ந்தது. அதன் பின்னால் டன்மோர் ஒரு தத்து தத்தி, நின்று, உறுமி, இன்னொரு தத்து தத்தியது. ஒவ்வொரு தத்துக்கும் ஈனிட் தலையாட்ட, தொப்பியும் ஆடியது. நடைபாதையில் மௌனமாக நின்றிருந்தவர்கள் அவள் தங்களுக்கு வணக்கம் சொல்வதாக நினைத்துத் தாங்களும் தலையாட்டினார்கள். சந்தை வாசலில் ரோலண்ட் காலை எடுத்த நேரம் பார்த்து சைலன்சர் வெடித்தது. பழைய ராணுவக்காரர் ஒருவர் சட்டென்று விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"ஆர்னல்டுக்கு இவ்ளோ மரியாதையா," என்றாள் ஈனிட். "அவர் தபால் ஆபீஸ்ல ஸ்டாம்புதான வித்தாரு."

பாலம் வருவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடப் போனது. ரோலண்டின் நெற்றியில் வேர்வை. எஞ்சினுக்குக் காற்று வேண்டும், காற்றுக்கு வேகம் வேண்டும், முன்னாலோ வில்ஃப் சவ ஊர்தியைப் பூனை நடையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் இப்படிச் சூடாகுது?"

"ஓடுறதுக்குப் பொறந்த எஞ்சின் இதுங்க. நடக்கச் சொன்னா கோவிச்சுக்குது."

"அப்ப ஓட விடுங்க."

"அம்மா, முன்னாடி போறது உங்க வீட்டுக்காரரு."

ஈனிட் கொஞ்ச நேரம் முன்னால் போகும் பெட்டியையே பார்த்தாள். "இந்த ரோட்டுல ஒவ்வொரு கோடையும் கார் பின்னாடி கேரவன் வீட்ட இழுத்துக்கிட்டுப் போவோம், ரோலண்ட். எங்களுக்குப் பின்னால ஊர்க் காரெல்லாம் ரயில் மாதிரி வரும். ஹாரன் அடிப்பான், கெட்ட வார்த்தை சொல்லுவான். அவர் காதுல எதுவும் விழாது, ஆப்பிள் தின்னுக்கிட்டே ஓட்டுவாரு. எல்லா வசவும் எனக்குத்தான் கேக்கும். ஒரே ஒரு தடவ, முந்துற கார்ல நான் இருக்கணும்னு எவ்ளோ ஆசைப்பட்டிருக்கேன் தெரியுமா?"

"அது மரியாத இல்லைங்க."

"பாலத்துக்கு அப்பால ரோடு நேரா இருக்கும். எதிர்ல வண்டி இல்லன்னா முந்துங்க. அவரே அப்படித்தான் சொல்லுவாரு: பாத்து முந்தட்டும், யாரு வேணாங்கிறா."

ரோலண்ட் பிக்கர்ஸ்கில்லின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் பிணத்தை முந்தியதில்லை. அவர் முள்ளைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பாலத்தைத் தாண்டிய நேர்ச்சாலையைப் பார்த்தார். முறைப்படி சிக்னல் போட்டார். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, மிதியைத் தரைவரைக்கும் மிதித்தார்.

டாட் மூன்று படியில் திணித்து வைத்திருந்த அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. சூப்பர்சார்ஜர் கிறீச்சிட்டது, இருக்கை முதுகைப் பிடித்துத் தள்ளியது, வேலியும் ஆடுகளும் ஒரே கோடாகின. சவ ஊர்தியைக் கடக்கும்போது ஈனிட் தொப்பியைக் கழற்றிப் பெட்டியைப் பார்த்து ஒரு தரம் தாழ்த்தினாள். வில்ஃபின் வாய் திறந்திருந்ததை ரோலண்ட் ஓரக்கண்ணால் பார்த்தார். அதற்குள் வில்ஃப் கண்ணாடியில் ஒரு புள்ளியாகிவிட்டான்.

ஈனிட் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. ரோலண்ட் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். முள் மட்டும் சமர்த்தாகக் கீழே இறங்கியிருந்தது.

சர்ச் வாசலில் ஹிலாரி அம்மையார் ஒற்றையாளாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரைப் பார்த்தார், ஈனிட்டின் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"ஆர்னல்ட் எங்க?"

"வந்துக்கிட்டிருக்காரு," என்றாள் ஈனிட். "அவரு எப்பவுமே லேட்டுதான். ரோலண்ட், இன்னொரு சுத்து போயிட்டு வந்துரலாமா?"

நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போனார்கள். திரும்பி ஊர்ச்சாலையில் சேரும்போது சவ ஊர்தி இன்னும் சர்ச் வாசலை எட்டவில்லை. ரோலண்ட் அதன் பின்னால் அடக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டு, கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தத்தித் தத்திக் கடந்தார். வில்ஃப் இறங்கி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"முதலாளி, முன்னாடி போன நீங்க பின்னாடி எப்படி வந்தீங்க?"

"பொட்டியத் தூக்கு, வில்ஃப்."

அன்று பிற்பகல் சர்ச் கூடத்தில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் பரிமாறப்பட்டபோது ரோலண்ட் மூலையில் ஒதுங்கி நின்றார். தொழில் அன்றோடு முடிந்தது என்றே நினைத்தார். ஈனிட்டோ மேசைக்கு மேசை போய், பாலத்துக்கு அப்பால் நடந்ததை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் வேகம் கொஞ்சம் கூடியது.

மறுநாளே தொலைபேசி மணி அடித்தது. மேல்தெரு விதவை ஒருத்தி, தன் அக்காவின் அடக்கத்துக்கு அந்தச் சின்னக் காரில் வர முடியுமா என்று கேட்டாள். அடுத்து வந்தது பழைய ராணுவக்காரர்.

"யாரு தவறிட்டாங்க சார்?" என்று கேட்டார் ரோலண்ட்.

"இன்னும் யாரும் இல்ல. என் பொண்டாட்டிக்கு முன்கூட்டியே சீட்டு சொல்லி வெக்கிறேன். நான் போறப்ப அவ அதுல வரணுமாம். என்னை முந்தணும்னு இப்பவே கண்டிஷன் போடுறா."

க்ளெனிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கண்ணாடியில தொங்கவிட ஒரு குட்டி வளையம் கட்டித் தரேன்," என்றாள். அவ்வளவுதான் அவள் அபிப்பிராயம்.

ரோலண்ட் நேரே டாட்டிடம் போனார்.

"நாலாவது படி ஏதாவது இருக்கா?"

டாட்டின் கண் மின்னியது. "இருக்கு ராசா. கேம்ஷாஃப்ட்ட மாத்திட்டா..."

"அது இல்ல. நடக்கணும். ஒரு பொத்தான அமுக்குனா இது மனுஷன் நடக்கிற வேகத்துல, வெடிக்காம, தத்தாம, சூடாகாம, சர்ச் வரைக்கும் போகணும்."

டாட் ஸ்பானரைக் கீழே வைத்தாள். "இத்தன வருஷத்துல ஒருத்தன் வந்து என்னைய வண்டிய மெதுவாக்கச் சொன்னதில்ல. இது அவமானம்."

"முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் பாக்குறேன்."

"முடியாதுன்னு யாரு சொன்னா?"

கிளட்ச் மாறியது. பெரிய விசிறிகள் ஏறின. சைலன்சருக்குள் திறந்து மூடும் ஒரு கதவு வந்தது. பிறகு எஞ்சினின் மூளைக்கு நடை கற்பிக்கும் வேலை. ஆலைக்குப் பின்னாலிருந்த சாலையில், தூறலில், ரோலண்ட் கோட்டும் சூட்டுமாக ஓட்ட, லேப்டாப்பை ஜன்னல் வழியாகக் காரோடு ஒயரில் இணைத்துக்கொண்டு டாட் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"வேகமா நடக்குற," என்றார் ரோலண்ட்.

"நான் நடக்குறதே இப்படித்தான்."

"முட்டிய மடக்காத. முதல்ல குதிகால் வெச்சு, பாதத்த அப்படியே இறக்கு. யாருக்கோ வருத்தம்னு நெனச்சுக்க."

"எனக்குத்தான் வருத்தம். எவ்ளோ அருமையான எஞ்சின் இது."

"அதேதான். அந்த முகத்த அப்படியே வெச்சுக்க."

டாட் தலையைத் தொங்கப் போட்டு, பாதத்தை இறக்கி இறக்கி நடந்தாள். ஒரு கையில் லேப்டாப்பைத் தாங்கி, மறு கையால் எண்களைத் தட்டினாள். கார் சத்தமில்லாமல் அவளோடு ஊர்ந்தது. பின்னால் ஏணி கட்டிய ஒரு வேன் வந்தது, அதை ஓட்டிவந்த அந்தப் பிளம்பர் ஹாரன் அடிக்கக் கையை ஓங்கினான். கறுப்புக் காரையும், கறுப்புக் கோட்டையும், பக்கத்தில் துக்கமே உருவாக நடக்கும் ஆறடிப் பெண்ணையும் பார்த்தவன், கையை இறக்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஆலை வாசல் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே உருண்டு வந்தான்.