பசை வாசனை

வந்தவர்களுக்கு உட்கார இடம் போதாமல், யாரோ பையனின் அறையிலிருந்து சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் தலைமாட்டில் இருந்த அம்மா அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"அது வேணாம். நானே உள்ள வச்சிடறேன்."

மகன் உட்கார்ந்த இடத்தில் இன்னொருவர் உட்காருவதைப் பெற்ற மனசு பொறுக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

சோபா தைப்பவர் வீட்டில் உட்கார இடமில்லை என்பது வேடிக்கைதான். முன்னறைதான் அவருடைய பட்டறை. யார் யாரோ கொடுத்த சோபாக்கள் உறை உரிக்கப்பட்டு, சுருள்கம்பி தெரிய நின்றன. ஃபோம் துண்டுகளை ஒதுக்கி, ரெக்சின் சுருள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, நடுவே பதினைந்து வயசுப் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். பசை டப்பா வழக்கம்போல ஜன்னலுக்குக் கீழே இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வாசனையில் அவளுக்குத் தலை சுற்றும். பிறகு கணவர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று ஆகிவிட்டது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலி மெத்தையின் ஜிப்பைத் திறந்து கையை விட்டாள். காலையில் தட்டுப்பட்ட கந்தல்கள் அப்படியே இருந்தன. அப்போது யாரோ வந்துவிட, பதறிப்போய் மூடிவிட்டிருந்தாள். கணவரின் பழைய கட்டம்போட்ட சட்டைதான். பசை காய்ந்து துணி விறைத்திருந்தது.

பட்டறையில் துடைக்கிற துணி மட்டும் தங்கவே மாட்டேன் என்கிறது, எலி தூக்கிக்கொண்டு போகிறதோ என்னவோ என்று அவர் மாசக்கணக்கில் அலுத்துக்கொண்டிருந்தார். இந்தச் சட்டையைக் கிழித்துக் கொடுத்தவளே அவள்தான்.

முன்னறையில் அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுங்க. வெளியவே போக மாட்டான். சேர்ல உக்காந்தா உக்காந்ததுதான்."

பொய்யில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நின்ற பிறகு, அவன் உலகம் அந்த நாற்காலியும் எதிரே இருந்த கம்ப்யூட்டரும்தான். தெருவில் மற்ற பையன்கள் ஊர் சுற்றுவதைப் பார்க்கும்போது, நம் பிள்ளை கண்ணெதிரே இருக்கிறானே என்று இவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். முதுகு வலிக்கப் போகிறதென்று இருக்கிறதிலேயே நல்ல ஃபோமாகப் பார்த்து மெத்தை போட்டுக் கொடுத்தார் அப்பா. ஒருநாள் அவன் சமையலறை வாசலில் வந்து நின்று, "எதுவுமே பிடிக்கலம்மா" என்றான். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் சரியாகிவிடும் என்று தட்டை எடுத்து வைத்தாள்.

அவன் சட்டையிலும் பசை வாசனை வந்தது. துவைக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பாவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுகிறாயா என்று கேட்டாள். அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்றான். வேறு வீடாக இருந்தால் அந்த வாசனையே காட்டிக் கொடுத்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலும் டாக்டர் கேட்கத்தான் கேட்டார். இதயம் திடீரென்று நின்றிருக்கிறது, பசை, பெயின்ட் மாதிரி எதையாவது முகர்கிற பழக்கம் உண்டா என்று. "அது என் தொழில் சார். எங்க எல்லார் மேலயும் அந்த வாசனைதான் வரும்" என்று கணவர் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

இது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த டப்பாவை இனி அவர் எப்படித் தொடுவார்? வேறு தொழிலும் தெரியாது. அந்த மனிதர் உடைந்தே போய்விடுவார். கந்தல்களைப் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஊறவைக்கிற வாளியின் அடியில் திணித்து, மேலே போர்வையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு வந்து பையனின் தலைமாட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

மதியம் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த கணவர் கை கால் கழுவப் பின்பக்கம் போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். நாத்தனார், "அண்ணி, அண்ணனைக் கொஞ்சம் போய்ப் பாருங்க" என்றாள். துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனிதர் குழாயடியில் குந்தியிருந்தார். போர்வை ஒருபக்கம் கிடந்தது. கந்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பட்டறைத் துணிதான்," என்றார். "நான்தான் ஞாபகமில்லாம வாளியில போட்டுட்டேன் போல."

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள்.

அவர் துணியைப் பிழிந்து மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மறுபடியும் சோப்பை எடுத்தார். அவள் குனிந்து குழாயைத் திறந்துவிட்டாள்.