முதுகு காட்டும் இருக்கை

உம்மு கஸ்ஸான் தன் கைப்பையைத் தூக்கி காரில் குழந்தையை வைக்கும் ஒரு இருக்கையின் மேல் வைத்தாள். தேர்வு முடிந்தது என்று அதற்குப் பொருள்.

தந்த நிறம். தோல் போலப் பளபளக்கும் துணி. தலைப்பக்கத்தில் தங்க நூலால் ஒரு கிரீடம். சுவைஃபியா கடைத்தெருவில் இருந்த அந்தக் கடையில் அதை மட்டும் தனி மேடையில், விளக்குக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள்.

"இதுதான். வர்றவங்க கண்ணு இதுல நிக்கும்."

நிஸ்ரீனுக்கு எட்டாவது மாதம். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் இருக்கையைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். பாதுகாப்புச் சோதனை முடிந்ததற்கான சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கடையின் பெயர் ஒட்டியிருந்தது. பட்டையைப் பூட்டி இழுத்தாள். பூட்டு கழன்று கையோடு வந்தது.

"இது வேணாம் மாமி. பூட்டு நிக்கல."

"குழந்தைய பூட்டி வைக்க இது என்ன ஜெயிலா?"

விற்பனையாளன் சிரித்தான். நிஸ்ரீன் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அவள் ஏற்கெனவே தேர்ந்துவிட்டிருந்தாள். மூலையில், தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் இருந்தது அது. சாம்பல் நிறம். கறுப்புப் பட்டை. பக்கவாட்டில் தடித்த காதுகள். முதுகில் ஆரஞ்சு நிறச் சீட்டு.

"அதுவா? பல்லு புடுங்கற நாற்காலி மாதிரி இருக்கு."

"இதுல குழந்தை பின்பக்கம் பாத்து படுத்திருக்கும், ஹஜ்ஜா," என்றான் விற்பனையாளன். "பாதுகாப்புக்கு அதுதான் நல்லது."

"பின்பக்கமா? எனக்கு முதுக காட்டிகிட்டா?" உம்மு கஸ்ஸான் மருமகளைப் பார்த்தாள். "இப்பவே பழக்குறியா?"

தலைப்பிள்ளைக்கான சாமான்கள் பெண் வீட்டிலிருந்து வர வேண்டும். தொட்டில், துணிமணி, தள்ளுவண்டி எல்லாம். வந்ததும் அவை மாப்பிள்ளை வீட்டு வரவேற்பறையில் பார்வைக்கு வைக்கப்படும். வருகிறவர்கள் குழந்தையைக் கொஞ்ச நேரமும் சாமான்களை வெகு நேரமும் பார்ப்பார்கள். நிஸ்ரீனின் அம்மா தொலைவில், இர்பித் ஊரில் இருந்தாள். மகளே பார்த்து வாங்கட்டும் என்று சொல்லியிருந்தாள்.

"வாங்கறது எங்க வீடு மாமி. நாங்கதான் பாத்து வாங்குவோம்."

"வாங்கறது உங்க வீடு. வைக்கிறது என் வீட்டுல. என் தங்கச்சி வந்து பாத்துட்டு, பாவம், அவங்களால முடிஞ்சது இவ்வளவுதான் போலன்னு சொல்லுவா. எனக்கென்ன? தலை குனியறது உங்கம்மா."

"குனியட்டும்."

கஸ்ஸான் கடை வாசலில் நின்று கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். மனைவியும் அம்மாவும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். அவன் தெருவைப் பார்த்தான்.

சாம்பல் நிற இருக்கையை வாங்கினார்கள். உம்மு கஸ்ஸான் தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். கிரீடத்தை விரலால் ஒரு முறை தடவிவிட்டு வெளியே போனாள்.

நிஸ்ரீன் கார் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். விபத்துக்குள்ளான வண்டிகளின் படங்கள் அவள் மேசைக்கு வரும். நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு. பழகிவிட்ட வேலை. ஒரு படம் மட்டும் பழகவில்லை. அதில் வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. முன்கண்ணாடியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு நேரே, ஒரு விரிசல். பெரியவர் தலை முட்டும் உயரத்தில் இல்லை. அதைவிடத் தாழ்வாக. சிறியதாக. வட்டமாக. விபத்தின்போது அந்த இருக்கையில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

இதைக் கஸ்ஸானிடம் ஒரு முறை சொன்னாள். "சாப்பிடறப்ப பேசற பேச்சா இது?" என்றான்.

பிப்ரவரியில் ஆண் குழந்தை பிறந்தது. ஃபவாஸ் என்று பெயர் வைத்தார்கள். கஸ்ஸானின் அப்பா பெயர். அவர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது.

மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாள் மழை பெய்தது. உம்மு கஸ்ஸான் வெளிச்சம் வந்ததுமே வந்துவிட்டாள். குடுவையில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் இனிப்புக் கூழான கராவியாவைச் சூடாகக் கொண்டு வந்திருந்தாள். மேலே தூவ வாதுமையும் தேங்காய்த்துருவலும் தனிப் பொட்டலத்தில் இருந்தன. நிஸ்ரீன் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் பேரனின் கைகளை உடம்போடு ஒட்டவைத்து, கால்களை நேராக நீட்டி, வெள்ளைத் துணியால் கழுத்துவரை இறுக்கிச் சுற்றிவிட்டாள். ரொட்டிச் சுருள் போல இருந்தான் ஃபவாஸ்.

நர்ஸ் நிஸ்ரீனைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளி வந்தாள். குழந்தை அவள் கையில் இருந்தது. கஸ்ஸான் வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்தியிருந்தான். உம்மு கஸ்ஸான் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்து, இரண்டு கைகளையும் வெளியே நீட்டினாள்.

"கொடு."

நிஸ்ரீன் பின்னிருக்கையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இருக்கை எங்க?"

"வீட்டுல," என்றான் கஸ்ஸான்.

"வீட்டுல அதுக்கென்ன வேலை?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "யம்மா அதுல சாக்லேட் அடுக்கி வச்சிருக்காங்க. வர்றவங்களுக்கு."

நிஸ்ரீனுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. நிறுத்திக்கொண்டாள்.

"போய் எடுத்துட்டு வா."

"நிஸ்ரீன், மழை. எல்லா ரவுண்டானாவுலயும் வண்டி நிக்குது. இன்னிக்கு ஒரு நாள்தானே? மெதுவா ஓட்டுறேன்."

"எதிர்ல வர்றவன் மெதுவா வருவானா?"

"நான் அஞ்சு பெத்தேன்," என்றாள் உம்மு கஸ்ஸான் உள்ளிருந்து. "அஞ்சும் என் மடியிலதான் வீட்டுக்கு வந்துச்சு. எது செத்துச்சு? இதோ ஒண்ணு நிக்கிது, ஒட்டகம் மாதிரி."

"எங்க ஆபீசுக்கு ஒரு படம் வந்துச்சு, அதுல கண்ணாடியில முட்டுன குழந்தையோட அம்மாவும் மடிய நம்பித்தான் உக்காந்திருந்தா மாமி."

"வாயக் கழுவு! அவர் பேர் வச்ச புள்ளைய கையில வச்சிகிட்டு என்ன பேச்சு பேசற!"

காவலாளி குடையோடு ஓடி வந்தான். "அண்ணே, வண்டிய எடுங்க. பின்னால ஆம்புலன்ஸ் நிக்குது. குடும்பச் சண்டைக்கு வீட்டுல இடம் இல்லையா?"

கஸ்ஸான் மனைவியைப் பார்த்தான். அவள் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

அவன் போனான். உம்மு கஸ்ஸான் அவனோடு போகவில்லை. இறங்கி வந்து உள்கூடத்தில் நிஸ்ரீனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். குழந்தையை அவளிடம் தனியே விட மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பக்கத்தில் மருந்துச்சீட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் உரக்கச் சொன்னாள். "மருமக. படிச்சவ. புருஷன மழையில அனுப்பியிருக்கா. நாற்காலி எடுத்துட்டு வரணுமாம்."

"நாற்காலியா?"

"என் மடி பத்தாதாம்."

அந்தப் பெண் நிஸ்ரீனை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க," என்றாள். "எங்க மருமக பால்கூட அளந்துதான் குடுக்கறா."

இருவரும் சேர்ந்து தலையாட்டினார்கள். நிஸ்ரீன் குழந்தையின் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

கூடத்தில் ஹீட்டரின் சத்தம் மட்டும் கேட்டது. உம்மு கஸ்ஸான் மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது. கோபம் மட்டும் மாறவில்லை.

"அவர கடைசியா வீட்டுலேந்து இங்கதான் கொண்டு வந்தோம். பின்னால படுத்திருந்தார். தலை என் மடியில இருந்துச்சு. திரும்பி வரல." பாவாடையில் இல்லாத ஒரு தூசியைத் தட்டினாள். "ஃபவாஸ் வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப என் மடியில வரட்டும்னு இருந்தேன். இது உனக்கு புரியாது."

நிஸ்ரீனுக்குப் புரிந்தது. குழந்தையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

கஸ்ஸான் நனைந்துபோய் வந்தான். வண்டி வாசலில் நின்றது. பின்கதவைத் திறந்து காட்டினான்.

நிஸ்ரீன் நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தாள். வேறு இருக்கையோ என்று நினைத்தாள். தந்த நிற சாட்டின். பஞ்சு திணித்து, கட்டம் கட்டமாகத் தைத்த மெத்தை உறை. ஓரமெல்லாம் நீல மணிகள். தலைப்பக்கத்தில் தங்க நூலால் ஒரு கிரீடம். கடையில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மடிப்பில் ஒரு சாக்லேட் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பட்டை எங்க?"

"உள்ள இருக்கு," என்றாள் மாமியார். "கறுப்பு நாடா. எழவு வீட்டு நாடா மாதிரி. மூடிட்டேன்."

நிஸ்ரீன் உறையைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. இருக்கையைச் சுற்றி, அடியில், நெருக்கமாகத் தைத்திருந்தது. பட்டைகளும் பூட்டும் பஞ்சுக்கு அடியில் புடைத்துத் தெரிந்தன.

அவள் நர்ஸிடம் திரும்பினாள். "கத்தரிக்கோல் இருக்கா?"

நர்ஸ் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"நிஸ்ரீன்," என்றான் கஸ்ஸான். "இருக்கை வாங்கின நாள்லேந்து தச்சாங்க. கண்ணாடி போட்டுகிட்டு. ஊசியில நூல் கோக்கறதே பெரும்பாடு, எத்தன தடவ விரல்ல குத்திகிட்டாங்க தெரியுமா?"

"தெரியும்."

"வேற வழி இல்லையா?"

"நீ பிரிச்சு எடு. நான் நிக்கிறேன்."

அவன் தையலைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கையைச் சட்டைப்பையில் விட்டுச் சாவியைத் துழாவினான்.

நிஸ்ரீன் குழந்தையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெட்டினாள். கத்தரிக்கோல் சிறியது. கட்டுத்துணி வெட்டுவதற்கானது. சாட்டின் எளிதில் கிழிந்தது. பஞ்சு எளிதில் வரவில்லை. நட்டநடுவே மேலிருந்து கீழே போக வேண்டியிருந்தது. கிரீடம் குறுக்கே வந்தது. அதையும் வெட்டினாள். நீல மணிகள் வண்டித் தரையில் உருண்டன.

உம்மு கஸ்ஸான் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. "வெட்டு," என்றாள். "நல்லா வெட்டு. கையும் காலும் கட்டியிருக்கே, அதையும் அவுத்துப் போடு. குளிர்ல விறைக்கட்டும்."

நிஸ்ரீன் அதையும் செய்தாள். வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். ஃபவாஸ் கைகளை விரித்து அலறினான். கால்களுக்கு நடுவே பட்டையை இழுத்து, தோள்களின் மேல் கொண்டு வந்து பூட்டினாள். பூட்டு சத்தம் கொடுத்தது. தோளுக்கும் பட்டைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அவிழ்த்த துணியைப் பட்டைக்கு மேலாகப் போர்த்தினாள். இருக்கையைப் பிடித்து ஆட்டினாள். ஆடியது. கஸ்ஸான் வண்டியின் பெல்ட்டைத் தவறான பள்ளத்தில் விட்டிருந்தான்.

"நீலக் கோடு போட்டிருக்கு பாரு. அது வழியா போகணும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியும்."

அவன் முழங்காலை ஊன்றி இழுத்து மாட்டினான். இருக்கை அசையாமல் நின்றது. ஃபவாஸ் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதான்.

உம்மு கஸ்ஸான் கிழிந்த உறையை எடுத்து மடித்தாள். கிரீடத்தின் இரண்டு பாதிகளும் மேலே வரும்படி மடித்து, முன்னிருக்கையில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

வழியில் மூன்றாவது ரவுண்டானாவில் வண்டிகள் நின்றன. தெருத்தெருவாக சிலிண்டர் விற்கும் எரிவாயு லாரி ஒன்று தன் வழக்கமான பாட்டை ஒலித்தபடி பக்கத்தில் ஊர்ந்தது. குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கிவிட்டது. இறக்கத்தில் கஸ்ஸான் வழக்கத்தைவிட மெதுவாகப் போனான். எந்த வண்டியும் குறுக்கே வரவில்லை. ஒரு பூனைகூட வரவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உம்மு கஸ்ஸான் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல."

"ஆமா மாமி. ஒண்ணும் ஆகல."

கஸ்ஸான் பின்கதவைத் திறந்தான். நிஸ்ரீன் பூட்டை அவிழ்த்துக் குழந்தையைத் தூக்கினாள். அவன் இருக்கையின் பெல்ட்டைக் கழற்றப் போனான்.

"அத விடு. அது வண்டியிலதான் இருக்கும்."

"அப்ப சாக்லேட்ட எதுல வைக்கிறது?" என்றாள் மாமியார்.

"தட்டுல."

மூன்று மாடி ஏற வேண்டும். மேலே கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரிகள் காத்திருந்தார்கள். நிஸ்ரீன் முதல் படியில் நின்று குழந்தையை மாமியாரிடம் நீட்டினாள்.

"இங்கேந்து நீங்க தூக்கிட்டு போங்க."

"எப்ப தூக்கணும்னு நீ சொல்லி நான் தூக்கணுமா?" என்றாள் உம்மு கஸ்ஸான். சொல்லி முடிக்கும் முன்பே குழந்தை அவள் கைக்குப் போய்விட்டது. ஒரு காதில் அவன் பெயரை மெல்லச் சொன்னாள். அது பேரனைக் கூப்பிடும் குரலாக இல்லை.

சாட்டின் உறை அவள் கக்கத்தில் இருந்தது. பாதிப் படியில் நின்று, திரும்பாமல் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு போறோம். அன்னிக்கு என் மடியிலதான் வருவான். நீ எத வேணும்னாலும் வெட்டிக்கோ."

மேலே குலவைச் சத்தம் எழுந்தது. கஸ்ஸான் கீழே நின்று சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். நிஸ்ரீன் கையை நீட்டினாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு சாவியைக் கொடுத்தான். அவள் அதைத் தன் பையில் போட்டுப் பூட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினாள்.