1911ஆம் ஆண்டுத் தகடு

மாக்சிமின் பெயரை யாராவது எடுத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அதில் பாதிக் கோபம் என்மேல்தான் என்று எனக்குத் தெரியும். மற்றப் பாதியை விட்டுக்கொடுக்க மனமில்லை.

விஷயம் ஒரு தகடு. நூறு வருடங்களுக்கு முன்னர் பாரிசுக்கு வடக்கே ஒரு பணக்காரன் தன்னுடைய காட்டுக்குள் சொந்தமாகக் கார் ஓடும் ரோட்டுப் போட்டான். வருடக் காசு கட்டியவர்களுக்கு ஓர் எனாமல் தகடு கொடுப்பார்கள். அதில் வருடமும் ஓர் இலக்கமும் இருக்கும். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒவ்வொரு நிறம். காரின் முன்பக்கத்தில் அந்த வருடத் தகடு இருந்தால் படலை திறக்கும். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 1908இலிருந்து 1914 வரை ஏழு வருடம், ஏழு நிறம். பிறகு சண்டை வந்தது, ரோட்டும் போய்விட்டது.

பாரிசில், லாச்சப்பலில் சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமைக்கிற இந்த ஞானசுந்தரத்துக்கு இந்தத் தகடுகள் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. என்னிடம் கார்கூடக் கிடையாது. ஊரில் பாஸ் இல்லையென்று சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். இங்கே வந்தும் பன்னிரண்டு வருடம் விசா இல்லாமல், பொலிசைக் கண்டால் மெத்ரோப் படியில் திரும்பி நடந்தவன். பெரிய மனிதர்களுக்கு வழிவிட்ட தகடுகள் என் வீட்டுச் சுவரில் தொங்குவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொல்லாத சந்தோஷம். என் மனைவி நாகேஸ்வரிக்கு இதெல்லாம் ஏறாது. "இதுக்கு நான் ஒரு பழைய இரும்புக்காரனைக் கட்டியிருக்கலாம்" என்பாள்.

ஆறு தகடுகள் என்னிடம் இருந்தன. 1911 மட்டும் இல்லை. அது லூசியனிடம் இருந்தது.

லூசியனுக்கு எண்பத்து நான்கு வயது. மார்க்ஸ் டோர்மோயில், எங்கள் கடையிலிருந்து ஐந்து நிமிட நடையில் வீடு. அவருடைய தகப்பனின் தகப்பன்தான் அந்த ரோட்டில் படலை திறந்து மூடியவர். பழஞ்சாமான் சந்தையில் ஒரே தகட்டுக்கு இரண்டு பேரும் கை நீட்டிச் சண்டை பிடித்ததில் பழக்கம் வந்தது. பிறகு பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே சந்தைக்குப் போனோம். என் முழுப்பெயர் அவருடைய வாயில் நுழையாது, "ஞானா" என்பார். நான் 1911ஐக் கேட்கும்போதெல்லாம், "இருக்கும்வரை தரமாட்டேன், செத்தால் உனக்குத்தான்" என்று சிரிப்பார். எனக்குப் பாரிசில் இருந்த ஒரே வெள்ளைக்காரச் சிநேகிதன் அவர்தான்.

போன மாசி மாதம் லூசியன் செத்துப்போனார். மயானத்தில் மொத்தம் ஒன்பது பேர். மாக்சிமும் வந்திருந்தான். அவனும் தகடு சேர்ப்பவன், நாங்கள் சந்தைக்குப் போய்ச் சேருமுன் நல்லதைத் தூக்கிவிடுகிற ஆள். எல்லாம் முடிந்தபிறகு லூசியனின் மகள் சோலான்ஜ் என்னிடம் வந்தாள். கலியாணம் கட்டாதவள், ஐம்பது தாண்டியவள்.

"அப்பா உங்களுக்கென்று தகட்டை எடுத்து வைத்திருக்கிறார். வீட்டை ஒழித்துக் கொடுக்கும்வரை நான் அங்கேதான் இருப்பேன். சனிக்கிழமை வாருங்கள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நாகேஸ்வரி அகப்பையோடு திரும்பினாள்.

"சவம் எடுத்த கையோடை போய்ச் சாமான் தூக்கிக்கொண்டு வரப்போறியளோ? செத்து முப்பத்தொரு நாள் முடியட்டும்."

"வெள்ளைக்காரற்றை செத்தவீட்டுக்கும் துடக்கு, தீட்டு எல்லாம் இருக்கோ?"

"ஏன், அவையள் மனிசர் இல்லையே?"

அவள்மேல் பழியைப் போடமாட்டேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் அப்பா செத்த மூன்றாம் நாள் சித்தப்பா வந்து அப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த வேலையை நான் செய்வேனா?

சனிக்கிழமை நான் போகவில்லை. சோலான்ஜ் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அவசரமில்லை மதாம், பிறகு வருகிறேன்" என்றேன். மூன்றாம் கிழமையும் கூப்பிட்டாள். அதே பதில். என்னுடைய குசினிப் பிரெஞ்சில் துடக்கை எப்படி விளங்கப்படுத்துவது? எவ்வளவு பண்பான மனிதன் என்று அவள் நினைப்பாள் என நானே நினைத்துக்கொண்டேன். தெருவில் கண்டால் தகட்டைக் கையில் திணித்துவிடுவாளோ என்று பயந்து, வேலைக்குப் போகும்போது அவர்களுடைய தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். வீட்டில் கலண்டரில் முப்பத்தோராம் நாளுக்கு வட்டம் போட்டு வைத்தேன்.

அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லி, தோய்ந்து, நல்ல சேட் போட்டுக்கொண்டு போனேன். தகட்டைச் சுற்ற ஒரு புதுத் துவாயும் கொண்டுபோனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மேசை, கதிரை ஒன்றுகூட இல்லை. சோலான்ஜ் வீட்டைப் பூட்டக் கையில் திறப்போடு நின்றாள்.

"தகடா? அதை மாக்சிமிடம் கொடுத்துவிட்டேன்."

"அது எனக்கென்று லூசியன் சொன்னது!" என்று கத்தினேன்.

"இரண்டு தரம் கூப்பிட்டேன். அவசரமில்லை என்றீர்கள். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்."

"அவன் கழுகு, மதாம். பிணம் எப்போது விழும் என்று காத்திருந்தவன்."

"அடுத்த நாளே வந்தார்தான்" என்றாள். "ஆனால் எதையும் கேட்கவில்லை. இருந்து அப்பாவைப் பற்றிக் கதைத்தார். பிறகும் கிழமைக்கு இரண்டு நாள் வந்தார். பெட்டி கட்ட உதவினார். போன கிழமை நானாகத்தான் கொடுத்தேன். அப்போதுகூட, ஞானாவிடம் ஒருமுறை கேளுங்கள் என்றார்."

அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். மாக்சிமை வெறுக்க எனக்கிருந்த ஒரே பிடியும் போய்விட்டது.

தெரிந்த பிரெஞ்சை எல்லாம் பொறுக்கி விளங்கப்படுத்தினேன். எங்கள் ஆட்களிடம் செத்தவீடு என்றால் முப்பத்தொரு நாள் கணக்கு, அதற்குள் அந்த வீட்டுப் பொருளில் கைவைப்பது பாவம், இன்றைக்குத்தான் முப்பத்தொன்று, இது உங்கள் அப்பாவுக்கு நான் செய்த மரியாதை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"முப்பத்தொரு நாளைக்கு எதையும் எடுக்கக்கூடாது. சரி. வரவும் கூடாதா?"

எங்கள் ஆட்களிடம் செத்தவீடு என்றால் சனம் வந்து நிறையும். அங்கே அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுபோவார்கள். வராதவனோடு பிறகு முகம்கொடுத்துக் கதைக்கவும் மாட்டார்கள். பாரிசுக்கு வெளியே சார்செலில் எங்கள் ஊர்க்காரர் வரதராசா செத்தபோது ஒரு கிழமை முழுக்க நானே சோறும் கறியும் கட்டிக்கொண்டு ரயிலில் போனவன். இவள் என் குசினிக்கு ஐந்து நிமிடத் தூரத்தில் தனியே இருந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"வரலாம், மதாம்" என்றேன். "வரத்தான் வேணும்."

"பின்னே, தகட்டை எடுப்பதற்கு மட்டும்தான் கூப்பிட்டேன் என்றா நினைத்தீர்கள்?" என்றாள் சோலான்ஜ். நான் வெளியே வரும்வரை காத்திருந்து, கதவைப் பூட்டினாள்.