இன்று காலமானார்

திரையின் இடப்பக்கத்தில் இருந்த ஃபோல்டரை அப்படியே இழுத்து வலப்பக்கத்தில் போட்டாள். இடப்பக்கம் வீட்டுக் கணினி. வலப்பக்கம் எங்கோ இருக்கும் சர்வர். அப்பாவின் சைக்கிள் கடை இணையதளத்தில், கடை நேரம் போட்டிருக்கும் பக்கத்தில், 'இந்த வாரம் விடுமுறை' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் தேடி அனுப்பியிருக்கலாம். ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. தேடுகிற நேரத்தில் எல்லாமே போய்ச் சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே இருக்கிறது, அழித்துவிட்டு எழுதட்டுமா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்திவிட்டுப் பால் ஆற்றப் போனாள்.

பத்து நிமிடத்தில் அப்பாவின் போன் அடித்தது. அது அவர் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். காதில் வைத்துப் பிடிக்கத் தெம்பில்லாததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"கேள்விப்பட்டு ஆடிப்போயிட்டேன்," என்றது டயர் மொத்த வியாபாரியின் குரல். "அப்பா எத்தனை மணிக்குப் போனாரு?"

"நான்தான் பேசறேன்," என்றார் அப்பா.

மறுமுனையில் ஒரு லாரி கடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு அவர், இணையதளத்தில் பார்த்ததாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தார்.

அவள் டம்ளரோடு அறை வாசற்படியிலேயே நின்றாள்.

முன்னறையில் அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தான். வேறு ஊரில் வேலை; வெள்ளிக்கிழமை வரைதான் விடுப்பு. நேற்று மாலை கணினியில் உட்கார்ந்து அப்பாவின் மரண அறிவிப்பை எழுதி, முகப்புப் பக்கத்தின் மேலேயே சேமித்து வைத்திருக்கிறான். நேரம் வரும்போது அவள் அனுப்பினால் போதும் என்று நினைத்தானாம். அவளிடம் சொல்ல மறந்துவிட்டான்.

"எழுதினது நான். அனுப்பினது நீ," என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி.

தேதி என்ன போட்டாய் என்று கேட்டாள்.

"இன்றுன்னு போட்டிருக்கேன். எப்ப போட்டாலும் சரியா இருக்கும்ல."

நுரையீரல். மூன்று மாதத்துக்கு முன்பே மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது இரண்டு பேரும். தினமும் சொல்லாமல் இருந்தது அவள் மட்டும். கடை எப்போது திறக்கலாம் என்று காலையில் கேட்பார். அடுத்த மாதம் என்பாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள்.

அவள் திரும்பி உள்ளே போனபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு போனில் படித்துக்கொண்டிருந்தார். எழுத்துகளை இரண்டு விரலால் விரித்து விரித்துப் படித்தார்.

"எத்தனை நாளா தெரியும்?"

மூன்று மாதமாக என்றாள்.

"நேத்துகூட அடுத்த மாசம்னு சொன்ன."

"எடுத்துடறேன்பா. இப்பவே எடுத்துடறேன்."

"எதுக்கு? ரெண்டு நாள்ல திரும்பப் போடணும். வெட்டி வேலை."

அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். அவன் பாதி முகத்தில் சோப்போடு வந்து நின்றான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். கடையை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியதைப் பற்றி எழுதியிருந்த இடத்தைத் திரும்பப் படித்துக் காட்டினார். அவனுக்கு இவ்வளவு தெரியும் என்று தனக்குத் தெரியாது என்றார். அண்ணன் அழுதான். கன்னத்தில் சோப்பு கரைந்து வழிந்தது.

"அவகிட்ட சொல்லு," என்றார் அப்பா. "வயசு எழுபத்தொண்ணு. எழுபத்திரண்டு இல்ல."

அவள் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தாள். அண்ணன் தலையைத் திருப்பி அவளிடம் சொன்னான்.

மாற்றி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அண்ணன் வழியாகத்தான் வந்தது. தண்ணீர் அவன் கொடுத்தால் குடித்தார். அவள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தால் கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு மணிக்கு 'அமைதியாக' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். மூச்சு முட்டிச் சாகிறவனுக்கு என்ன அமைதி என்று கேட்டாராம். எடுத்தாள். மதியம் படத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் முன்னறைக்கு வந்து தயங்கினான். "தோள்ல யாரோ கை வச்சிருக்காங்களாம். பார்க்கிறவங்க யாருன்னு கேப்பாங்களாம். அது வேண்டாங்கிறாரு."

அவள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம். அவளை வெட்டிவிட்டுத்தான் போட்டிருந்தான் அண்ணன். நான்கு விரல்கள் மட்டும் மிச்சம்.

விரல்களை வெட்டினால் தோளும் போய்விடும். அவர் தனியாக இருக்கும் வேறு படத்தைத் தேடினாள். கடை திறந்த அன்று எடுத்தது கிடைத்தது. பெரிய கோப்பு. அளவைக் குறைக்க அவளுக்குப் பொறுமை இல்லை, அப்படியே அனுப்பினாள். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது.

"சீக்கிரம் வா," என்று உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

அறுபத்தொரு சதவீதம். விட்டுவிட்டுப் போகலாம். இணைப்பு அடிக்கடி அறுகிறது. பாதியில் அறுந்தால் படத்தின் மேல்பாதி மட்டும்தான் போய்ச் சேரும். மூக்கு வரைக்கும் அப்பா, அதற்குக் கீழே சாம்பல் நிறம். அதைப் பார்த்தால் என்ன சொல்லி அனுப்புவார் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணன் இன்னொரு முறை கூப்பிட்டான். எழுபத்தெட்டு. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். கோடு முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

உள்ளே போனபோது மூச்சு அடங்கியிருந்தது. அண்ணன் அப்பாவின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னைக் கேட்டாரா?"

அண்ணன் யோசித்தான். வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம்.

"இல்ல," என்றான்.

இருபது நிமிடத்தில் அழைப்பு மணி அடித்தது. அத்தை நின்றிருந்தாள், அப்பாவின் அக்கா. கையில் வெள்ளைப் பூக்கள். ஐந்து மணி நேரப் பயணம். போன் வைத்துக்கொள்ளாதவள்; பக்கத்து வீட்டுப் பெண் காலையில் இணையதளத்தில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் சேதி போயிருக்கும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"ஏறின பஸ்ஸுலயே முன்னாடியே வந்திருப்பேன்," என்றாள் அத்தை, செருப்பைக் கழற்றியபடி. "போனவன் எங்க ஓடிடப்போறான்னு, நடுவுல இறங்கி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சேன். உயிரோட இருக்கான்னாவது அடிச்சுப் பிடிச்சு ஓடி வரலாம்."

அவள் பூக்களை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள். அத்தை உட்கார்ந்தாள். தம்பியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

"இன்னும் சூடா இருக்கே."

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும் அத்தை," என்றாள்.

அத்தை ஜன்னலைப் பார்த்தாள். திரை இழுத்து மூடியிருந்தது. நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.